ஒன்பதாவது பேப்பர்

இரண்டு மணி பத்து. மதியக் கட்டு முன்னால் கிடக்கிறது. பதினைந்து விடைத்தாள், பத்தாம் வகுப்புத் தமிழ். முதல் தாளைக்கூட இன்னும் புரட்டவில்லை நான். சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன். பக்கத்து பெஞ்சில் ஜெபசீலி டீச்சர் அதற்குள் மூன்றாவது பேப்பருக்குப் போயாயிற்று. அவர் திருத்தும்போது உதடு அசையும், ஒவ்வொரு வரியையும் வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார், இருபது வருஷமாக விடைத்தாள் திருத்துகிற எல்லாக் கேம்ப்பிலும் நாங்கள் கேலி செய்கிற விஷயம் அது. வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி வந்து என் முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. ஃபேன் சுற்றுகிறது, காற்றுதான் இல்லை. சாப்பிட்ட தயிர்சாதம் நெஞ்சிலேயே நிற்கிறது. நிற்காமல் என்ன செய்யும், டிபன் டப்பாவைத் திறந்த நேரத்தில்தானே சீஃப் கூப்பிட்டார். சீஃப் என்றால் எங்கள் ஆறு பேர் திருத்துவதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற காசிலிங்கம், என்னைவிட ஒன்பது வருஷம் சின்னவர். காலையில் நான் முடித்துக் கொடுத்த கட்டில் நாலாவது பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார். "சங்கரபாகம் சார், இந்தக் கட்டுரைக்கு எட்டுக்கு ஏழு போட்டிருக்கீங்க. வாசிச்சீங்களா?" வாசிக்காமலா என்றேன். "பொருட்காட்சிக்குப் போனேன்னு ஒரு பத்தி எழுதியிருக்கு பிள்ளை. அதே பத்தியை மூணு தரம் எழுதியிருக்கு. ஒரு வார்த்தை மாறல." பார்த்தேன். மூன்று பத்தியிலும் என் டிக் இருக்கிறது. மூன்றாவதற்கு இரட்டை டிக். காசிலிங்கம் சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். சிரித்துக்கொண்டே ஏழை அடித்து இரண்டு போட்டார். "கை லஞ்சம் வாங்காட்டியும் கண்ணு வாங்கிரும் சார். எல்லாருக்கும் உள்ளதுதான். போய்ச் சாப்பிடுங்க" என்றார். சாப்பிட்டேன். ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டேன், அதுதான் வெட்கம்.

அது என்ன எழுத்து தெரியுமா. கோடு போடாத தாளில் கோடு போட்டது மாதிரி நின்றது. ஒவ்வொரு ழகரத்தின் வாலும் ஒரே இடத்தில் திரும்பி ஒரே இடத்தில் நின்றது. காலை பத்தரை மணிக்கு அந்தத் தாளைப் புரட்டியதும் எனக்குத் தோள்பட்டை வலி குறைந்தது, இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் குறைந்தது. நான் வாசிக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதையே வாசிப்பதாக நினைத்துக்கொண்டேன். அழகாக இருக்கிறது, ஆகவே சரியாகத்தான் இருக்கும்; இந்த 'ஆகவே' எங்கிருந்து வந்தது? அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று வருஷாவருஷம் போர்டில் எழுதிப்போட்டவன் நான். கத்தரிக்காய் பொறுக்கும்போது மட்டும் பளபளப்பை நம்பாமல் காம்பைத் திருப்பிப் பார்க்கத் தெரிகிறது, பிள்ளைகள் விஷயத்தில் தெரியவில்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. எனக்கும் அப்படித்தானே மார்க் போட்டிருப்பார்கள். மூன்றாம் வகுப்பில் கையெழுத்துக்காகப் பேனா பரிசு வாங்கினேன், அன்றிலிருந்து எந்த வாத்தியாரும் எனக்குக் குறைத்து மார்க் போட்டதில்லை. பி.ஏ.வில் இலக்கணத் தாளில் எனக்குப் பாதி தெரியாது, அறுபத்தெட்டு வந்தது. கோமதியைப் பெற்றவர் என் கடிதம் ஒன்றைப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகா எழுதுறவன் மனசு கோணலா இருக்காதுய்யா என்று சொல்லிப் பெண் கொடுத்தார். ஐம்பத்தாறு வயதில் உட்கார்ந்து, எனக்கு வந்ததில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு என் எழுத்துடையது என்று பிரித்துப் பார்க்க முடியுமா? பார்க்கப் பயமாக இருக்கிறது. முழுக்க எழுத்துடையதாக இருந்துவிட்டால்?

இது என் சொந்தக் கவலை, போகட்டும். நாலாவது பேப்பருக்கு நடந்தது நடந்தது, காசிலிங்கம் அடித்துச் சரிசெய்துவிட்டார், அந்தப் பிள்ளை எப்படியும் பாஸ்தான். ஒன்பதாவது பேப்பரை யார் சரிசெய்வார்கள்? அதே கட்டில் ஒன்பதாவது. அதைத் திறந்ததும் முகத்தைச் சுளித்தேன், எனக்கே தெரிந்து சுளித்தேன். எழுத்தெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கிடந்தது, ககரமா சகரமா என்று கண்ணை இடுக்கவேண்டியிருந்தது. அதற்கு மேல் பக்கம் முழுக்க நீல மை இழுவியிருந்தது. எழுதிய வரி காய்வதற்குள் அதன் மேலேயே கை ஊர்ந்து போன இழுவல். இடது கைக்காரப் பிள்ளை. ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது, பெயர் இருக்கிற பகுதியைக் கிழித்துவிட்டுத்தான் எங்களிடம் தருவார்கள், ஒரு எண் மட்டும் இருக்கும். ஆனால் இடது கை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. தெரிந்த நிமிஷமே ஒரு எரிச்சல் வந்தது பாருங்கள், அது பழைய எரிச்சல், இந்தப் பிள்ளைக்குச் சம்பந்தமே இல்லாதது. நாலாவது பேப்பருக்கு ஆறு நிமிஷம் எடுத்துக்கொண்டவன் இதை மூன்று நிமிஷத்தில் முடித்தேன். புரியாத இடத்தில் சுழித்தேன். படம் பார்த்து அழகுற ஐந்து வரி எழுதும் கேள்வி ஒன்று வரும், அதற்கு ஐந்து மார்க், போனால் போகிறது என்று ஒன்று போட்டேன். கூட்டினால் இருபத்தொன்பது வந்தது. இங்கே ஒரு வழக்கம் உண்டு. முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வந்தால் சீஃப் தானாகவே எடுத்துப் பார்த்து எங்கேயாவது ஒன்றிரண்டு தேற்றி முப்பத்தைந்து ஆக்கிக் கரையேற்றிவிடுவார். முப்பதுக்குக் கீழே போனதை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தம். இருபத்தொன்பது. நான்கு மணிக்குக் காலைக் கட்டு சீல் ஆகிவிடும். இப்போது இரண்டு முப்பத்தைந்து.

எழுந்து போய்க் கேட்டால் கட்டைக் கொடுப்பார். பன்னிரண்டு அடி தூரம்கூட இருக்காது அவர் மேஜை. எழுந்திரு சங்கரபாகம். எழுந்திருக்கவில்லை. முதல் தாளைப் புரட்டி, கோடிட்ட இடத்தை நிரப்புகவுக்கு டிக் டிக் என்று போட்டுவிட்டு மறுபடியும் நின்றுபோகிறேன். ஒரே நாளில் இரண்டாவது தரம் போய், சார் நான் இன்னொன்றும் தப்பாகத் திருத்திவிட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? சங்கரபாகம் சாருக்குக் கண்ணு போச்சு, அடுத்த வருஷம் கேம்ப்புக்குக் கூப்பிட வேண்டாம் என்பார்கள். கூப்பிடாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்? முழுகாதுதான். அதோடு, திரும்ப வாசித்துப் பார்த்து, போட்ட இருபத்தொன்பதும் சரிதான் என்று ஆகிவிட்டால்? அது நல்லதுதானே, அப்படி ஆனால் நான் தப்புச் செய்யவில்லை. இதை நினைத்ததும் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஒரு பிள்ளை ஃபெயில் ஆகவேண்டும் என்று மனசின் ஒரு மூலை வேண்டிக்கொள்கிறது. நான் வாத்தியார்.

வேலுவின் இடது கையை நான் கட்டிப்போட்டிருக்கிறேன். நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து தள்ளித் தள்ளி வைத்தது இதுதான், எப்படியும் வந்துதானே தீரும். என் மகன் சண்முகவேல். யூகேஜி படிக்கும்போது, அவனுடைய ஸ்கூல் டையாலேயே, நாற்காலிக் கம்பியோடு சேர்த்து. வலிக்காத மாதிரிதான் கட்டினேன். சாயந்தரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம். கோமதி அடுக்களையிலிருந்து வந்து எட்டிப் பார்ப்பாள், போய்விடுவாள். என் மகன் எழுத்து ஊரே பார்க்கிற மாதிரி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன், அதில் என்ன தப்பு? அழகு என்பது ஒரு ஒழுக்கம், எழுத்தில் வந்துவிட்டால் வாழ்க்கையில் வந்துவிடும், அப்படித்தான் நம்பினேன், மனசார நம்பினேன். அவனுக்கு வரவில்லை. வலது கையில் கோழி கிளறின மாதிரி எழுதுவான், நான் அந்தப் பக்கம் போனால் இடது கைக்கு மாற்றிக்கொள்வான், உள்ளங்கை விளிம்பெல்லாம் நீலமாக இருக்கும், கையைக் காட்டச் சொல்லிப் பார்ப்பேன், பாக்கெட்டில் ஒளித்துக்கொள்வான். ஒன்பதாம் வகுப்பில் ஹாஸ்டலுக்குப் போனான். ஞாயிறுதோறும் வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதவேண்டும் என்று அங்கே விதி. அம்மாவுக்கு என்றுதான் எழுதுவான். எனக்கென்று வந்தது ஒன்றே ஒன்று. அன்புள்ள அப்பாவுக்கு. அன்புள்ளவில் இருந்த ளகரம் எனக்கு இன்னும் கண்முன்னால் நிற்கிறது, முதுகு உடைந்து கிடந்தது. றகரத்துக்குக் கால் நீளம். தாள் என்னவோ சுத்தமாகத்தான் இருந்தது, எழுத்துதான் அப்படி நடுங்கிக் கிடந்தது. நான் என்ன செய்தேன்? சிவப்பு மையால் ஒவ்வொன்றாகச் சுழித்து, ஓரத்தில் சரியான வடிவத்தை எழுதிக் காட்டி, அடியில் 'இனி வலது கையால் எழுதிப் பழகவும்' என்று எழுதி, தபாலில் சேர்த்துவிடு என்று கோமதியிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் அவன் எனக்கு எழுதவில்லை. இன்றைக்கு ஓசூரில் ஒரு லேத் கம்பெனியில் நல்ல வேலையில்தான் இருக்கிறான். போன் செய்தால் நல்லா இருக்கீங்களாப்பா என்பான், நான் இருக்கேன் என்பேன், அம்மாட்ட குடுங்க என்பான்.

அழகுக்கு மதிப்பு உண்டா இல்லையா? போன வருஷக் கேம்ப்பில் டீ குடிக்கும்போது இதே பேச்சுத்தான் வந்தது. வரலாறு மாணிக்கவாசகம், வாசிக்க முடியணும், அவ்வளவுதான் சார் அழகு, அதுக்கு மேல போறதெல்லாம் மேக்கப் என்றார். நான் விடவில்லை, அழகா எழுதுற பிள்ளை அக்கறையா படிச்சிருக்கும், அழகுங்கிறது அக்கறையோட அடையாளம் என்று ஒரு பிரசங்கம் பண்ணினேன். ஜெபசீலி டீச்சர் டம்ளரைக் கழுவிக்கொண்டே, "அழகுக்கு மார்க் போடணும்னா அதுக்குன்னு தனியா அஞ்சு மார்க் வைங்க சார், நான் வேண்டாங்கல. பதிலோட சேத்துக் குழப்பாதீங்க. கையெழுத்து நல்லாருந்தா தலையெழுத்து நல்லாருக்காதுன்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க, உங்களுக்கு எப்படி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்கு யார் சொன்னது சரி? அழகு பொய் என்று சொல்லிவிடவும் மனசு வரவில்லை. நாலாவது பேப்பர் பிள்ளைக்குக் கட்டுரையில் அந்த ஒரு பத்திதான் தெரியும். வேறு ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில், தெரிந்த அந்த ஒன்றையே மூன்று தரம், கொஞ்சமும் சிதையாமல், பரீட்சை ஹாலில் குனிந்து எழுதியிருக்கிறது. அது ஏமாற்று இல்லை, பயம். பயத்தில் என்ன அழகு வந்திருக்கிறது. அப்படியானால் ஒன்பதாவது பேப்பரில் இருந்தது என்ன? அக்கறையில்லாமையா? எனக்கு எப்படித் தெரியும், நான்தான் வாசிக்கவே இல்லையே. வேலுவின் கடிதத்தில் என்ன இருந்தது? ளகரம் தெரிகிறது. றகரத்தின் கால் தெரிகிறது. மொத்தம் பதினொரு வரி, கடைசி வரி பாதியில் நின்றது, அதுகூடத் தெரிகிறது. என்ன எழுதியிருந்தான்? யோசிக்கிறேன். ஒரு சொல்கூட வரவில்லை. அன்புள்ள அப்பாவுக்கு, அதற்கப்புறம் வெறும் வடிவம். நான் அதை வாசிக்கவே இல்லை. பார்த்தேன், திருத்தினேன், மடித்துக் கொடுத்தேன். பதிமூன்று வருஷமாக வாசித்ததாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்று பத்து. எழுந்தேன். பெஞ்சு காலில் இடித்தது. காசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். "காலைக் கட்டுல ஒன்பதாவது பேப்பரைக் கொஞ்சம் கொடுங்க" என்றேன். ஏன் சார் என்றார். "எழுத்து கோரமா இருந்துச்சு. கோபத்துல திருத்திட்டேன்" என்றேன். இதைச் சொல்ல ஒரு மணி நேரம் ஆயிற்று எனக்கு, சொன்னபிறகு பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. அவர் எண்ணைப் பார்த்தார். "இருபத்தொன்பதா. இதுல தேறுமா?" "தெரியாது. நான் வாசிக்கல." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எடுத்துக் கொடுத்தார். அவர் மேஜை ஓரத்திலேயே நின்று பிரித்தேன். மறுபடியும் அதே சுளிப்பு. முகம் தானாகச் சுளிக்கிறது, நிறுத்த முடியவில்லை, முப்பது வருஷப் பழக்கம். நான் வாசித்தால் இது விளங்காது என்று தெரிந்துபோயிற்று. திரும்பி, "டீச்சர், ஒரு நிமிஷம் வாங்க, இதை எனக்கு வாய்விட்டு வாசிங்க" என்றேன். ஜெபசீலி டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வந்தார். "என்ன சார், கண்ணு தெரியலையா?" "தெரியறதுதான் தொந்தரவு. நீங்க வாசிங்க, நான் கேக்கேன்." ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். படத்தைப் பார்த்து ஐந்து வரி. படத்தில் தெருக்குழாய், முன்னால் வரிசையாகக் காலிக் குடங்கள், இதுவரைக்கும் இருநூறு பேப்பராவது திருத்தியிருப்பேன், எல்லாவற்றிலும் மழைநீரைச் சேமிப்போம், நீரே உயிர். டீச்சர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி வாசித்தார்.

"குடம் எல்லாம் வாயைத் திறந்து நிக்குது. ஒண்ணும் பேசல. எங்க அம்மா குடம் நசுங்கினது, தூரத்திலேயே தெரிஞ்சிரும். தண்ணி வந்தா அதுக்கும் ஊத்துவாங்க. நசுங்கின அளவுக்குக் குறையும்."

காசிலிங்கம் பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு ஒரு கணம் ஆத்திரமாகக்கூட இருந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். குறையாது, எல்லாக் குடமும் ஒன்றுதான் என்று எழுதியிருந்தால் நான் தப்பித்திருப்பேன், எல்லோரும் எழுதுகிற மாதிரி ஒரு நல்ல வார்த்தை. குறையும் என்று எழுதியிருக்கிறது. வாங்கித் தெரிந்த பிள்ளை. "பேச்சுத்தமிழ்ல எழுதியிருக்கு, விதிப்படி ஒரு மார்க் குறைக்கணுமோ?" என்றார் காசிலிங்கம், கேட்க வேண்டுமே என்று கேட்கிற குரலில். "அழகுற எழுதுகன்னுதான் கேட்டிருக்கோம்" என்றார் ஜெபசீலி டீச்சர். ஒன்றை அடித்துவிட்டு ஐந்து போட்டேன். மீதியையும் அவர் வாசிக்க வாசிக்கக் கேட்டேன், மற்ற இடத்திலெல்லாம் நான் போட்டது சரியாகத்தான் இருந்தது, இலக்கணம் அந்தப் பிள்ளைக்குச் சுத்தமாக வராது. கூட்டினால் முப்பத்துமூன்று. நான் பேனாவோடு நின்றேன். முப்பத்துமூன்றுக்கு மேல் என் மனசாட்சியில் இடமில்லை. காசிலிங்கம் தாளை இழுத்துக்கொண்டார். "முப்பத்துமூணு என் பாடு சார், நீங்க போய் உங்க கட்டை முடிங்க" என்றார்.

முடித்தேன். மதியப் பதினைந்தையும் உதட்டை அசைத்துத்தான் வாசித்தேன். ஜெபசீலி டீச்சர் பார்த்தார், கேலி செய்யவில்லை. எல்லோரும் பஸ்ஸுக்குக் கிளம்பிய பிறகு சைக்கிள் ஷெட் நிழலில் நின்று கோமதிக்குப் போன் போட்டேன். என்ன இந்நேரம் என்றாள். "வேலு ஹாஸ்டல்ல இருந்து எனக்கு எழுதின லெட்டர் ஒண்ணு உண்டுல்லா, நான் சிவப்பு மையில திருத்தி உங்கிட்ட குடுத்தேனே." "ஆமா." "அதை அவன் வச்சிருப்பானா?" அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. "நான் போஸ்ட் பண்ணல. எங்கிட்டதான் இருக்கு" என்றாள். ஏன் என்று நான் கேட்பதற்குள் அவளே சொன்னாள். "அப்பா படிச்சாங்களான்னு ரெண்டு வாரம் கழிச்சுக் கேட்டான். படிச்சாங்க, ரொம்ப சந்தோஷப்பட்டாங்கன்னு சொன்னேன். அவனும் நம்பிட்டான்னுதான் நெனைக்கேன்." "கோமு, அதுல என்ன எழுதியிருந்தான்?" "நீங்கதானே படிச்சீங்க." "படிக்கல. எடுத்து வாசி." "எடுக்க வேண்டாம்" என்றாள். குக்கரை அணைத்துவிட்டு வந்து, அவசரமே இல்லாமல், வீட்டுப்பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிச் சொன்னாள். அன்புள்ள அப்பாவுக்கு. நான் சௌக்கியம். சாப்பாடு பரவாயில்லை. இங்கே எல்லாரும் எனக்குக் கூட்டாளி ஆயிட்டாங்க. கணக்கில் நான்தான் ஃபர்ஸ்ட். இந்த ஸ்கூல்ல இடது கையில எழுதினா சார் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அதனால இப்ப எல்லாம் இடது கையிலதான் எழுதுறேன், வேகமா வருது. இந்த லெட்டர் மட்டும் உங்களுக்குன்னு வலது கையால எழுதினேன். மூணு நாள் ஆச்சு. நல்லா இருக்காப்பா.

தாள் சுத்தமாக இருந்தது. ஒரு இழுவல் இல்லை. அதைக்கூடப் பார்த்திருக்கிறேன் நான்.

"லைன்ல இருக்கீங்களா?" என்றாள் கோமதி.

"வேலு எத்தனை மணிக்கு ஷிஃப்ட் முடிஞ்சு வருவான்?" என்று கேட்டேன்.